கொழுந்துக்காரியை வெள்ளையாக்கிய கதை

கறுப்பு லோகோவை வெள்ளையாக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டால், இப்போது வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகள் நீங்கள் எல்லாரும் சிரிப்பீர்கள். படத்தைத் தெரிவு செய், வெள்ளையைச் சொடுக்கு, முடிந்தது. தேத்தண்ணி ஆறுவதற்குள் ஆகிவிடும். எனக்கு அந்த வேலைக்கு ஒரு முழுப் பகல் பிடித்தது. அந்தப் பகலில் எங்கள் முதலாளிக்கு மயக்கமே வரப் பார்த்தது, ஒரு பஸ் தாமதமாகப் புறப்பட்டது, மறுநாள் ஒரு மைதானமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வேலை பார்த்த இத்தனை வருடங்களில் அவ்வளவு குஷியாக நான் வீடு திரும்பிய நாள் வேறு கிடையாது. அதனால்தான் உங்களுக்கு இதை முதலில் சொல்கிறேன். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடலாம்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எங்கள் கடை. முன்னால் ஒரு கம்ப்யூட்டர், பின்னால் துணியில் அச்சடிக்கும் மேசை, நடுவில் முதலாளியின் சத்தம். நான் றொசல்லையிலிருந்து தினமும் ரயிலில் வந்து போவேன். முதலாளி கினிகத்தேனைக்காரர். மனசு பெரியது, பொறுமைதான் கையளவு. கம்ப்யூட்டரை வாங்கியவர் என்ற உரிமையில் அவ்வப்போது என்னை எழுப்பிவிட்டு அவரே உட்கார்ந்துகொள்வார். எழும்பும்போது நாற்காலியைத் தவிர மற்றதெல்லாம் இடம் மாறியிருக்கும்.

ஆனால் அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எதை அச்சடித்தாலும் முதலில் ஒன்றே ஒன்றை அதே துணியில் அடித்துக் கடைவாசலில் தொங்கவிடுவார். பிறகு வாடிக்கையாளரையும் என்னையும் கூட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று பார்ப்பார். மழையென்றாலும் குடையோடு போவார். "கிட்டக்க வச்சுப் பாத்தா எல்லாம் அழகாத்தான் புள்ள இருக்கும். அந்தப் பக்கம் போய் நின்னு பாரு" என்பார். ஆரம்பத்தில் எனக்கு இது பெரிய கூத்தாகத் தெரிந்தது. லொறி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே ரோட்டைக் கடப்பதுதான் டிசைன் வேலையா என்று ரயிலில் வரும்போது நினைத்துக்கொள்வேன்.

சித்திரை வருடப் பிறப்பையொட்டிய ஒரு சனிக்கிழமை. கடை திறந்ததும் திறக்காததுமாக ஒரு பெண் அரிசிப் பையொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெயர் செல்வராணி. பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவள். அன்றைய பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, விடியவே பஸ் ஏறி வந்திருந்தாள். பைக்குள் கரும்பச்சை ஜெர்சிகள், ஒன்றிரண்டு கூடுதலாகவே. கையில் தோட்டத்து விளையாட்டுக் கழகத்தின் தலைப்புப் போட்ட ஒரு கடதாசி.

"அக்கா, நாளைக்குக் காலைல மேட்ச். இந்த லோகோவ வெள்ளையில அடிச்சுத் தரணும். சாயந்தரம் பூண்டுலோயா பஸ்ஸுல நான் போயிரணும்."

என்ன மேட்ச் என்று கேட்டேன். எல்லே. பந்தைத் தடியால் அடித்துவிட்டு வட்டமாக ஓடும் விளையாட்டு, உங்களுக்குத் தெரியும். அந்தத் தோட்டத்தில் ஆண்கள் அணி வெகுகாலமாக ஆடுகிறது. பெண்கள் அணி இறங்குவது அதுதான் முதல் தடவை. செல்வராணிதான் கேப்டன். கழகத்துக்கும் தோட்டத்துக்கும் ஒரே தலைவர். அவர் சம்மதிக்கவே இல்லையாம். இவள் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் கேட்டுத்தான் அனுமதி வாங்கியிருக்கிறாள்.

"இந்த ஒருதரம் ஆடுங்கன்னாரு. ஊரு பாத்து சிரிச்சுச்சுன்னா அதோட சரி, அப்புறம் பொம்பளைங்க டீம்னு என்கிட்ட வரக்கூடாதுன்னு சொல்லிட்டாரு அக்கா." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "லோகோல ஒரு முடி கூட மாறக்கூடாதுன்னும் சொன்னாரு" என்றாள்.

ஆண்கள் அணியின் ஜெர்சிகள் இதே நிறம், இதே லோகோ. அவற்றைத் தலைவர் கண்டியில் ஒரு பெரிய கடைக்குக் கொடுத்திருந்தார். பெண்களுக்கு அவ்வளவு தூரம் யார் போவது என்று விட்டுவிட்டார்களாம். அந்தப் புண்ணியத்தில் வேலை எங்களுக்கு வந்தது.

கடதாசியைப் பார்த்தேன். நல்ல படம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துச் சித்திர வாத்தியார் வரைந்ததாம். கொழுந்துக்காரி ஒருத்தியின் முகம். நடுவகிடு எடுத்துச் சீவிய கறுப்பு முடி, நெற்றியில் பொட்டு, பெரிய கண்கள், லேசான சிரிப்பு. தலையிலிருந்து கூடைக்கயிறு இறங்குகிறது. பின்னால் கூடை, கூடைக்கு மேலே இரண்டு இலையும் ஒரு மொட்டும். கீழே கழகத்தின் பெயர். வெள்ளைக் கடதாசியில் எல்லாம் கறுப்பு மையில் இருந்தது.

"இது ஒரு வேலையா! எழும்பு புள்ள" என்று முதலாளி உட்கார்ந்துவிட்டார்.

படத்தை ஸ்கேன் பண்ணி வெக்டர் மென்பொருளில் கோடுகளாக மாற்றுவதுவரை ஒழுங்காகத்தான் செய்தார். பிறகு எல்லாவற்றையும் தெரிவு செய்து வெள்ளையைச் சொடுக்கினார். அடுத்த நொடி ஒரு அலறல்.

"ஐயோ புள்ள! லோகோவக் காணோம்!"

வெள்ளைத் திரையில் வெள்ளை லோகோ எப்படித் தெரியும்? மனுஷன் மேசைக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்தார். எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. செல்வராணி அரிசிப் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "என் கடதாசி பத்திரமா இருக்கா அக்கா?" என்றாள். நான் பின்னால் ஒரு கரும்பச்சைக் கட்டத்தைப் போட்டுவிட்டேன். லோகோ திரும்பி வந்தது. முதலாளிக்கு உயிரும் திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் படத்தை யாருமே சரியாகப் பார்க்கவில்லை. எழுத்துகள் தெளிவாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு, துணியில் மை இறக்கும் ஸ்கிரீன் சட்டத்தைத் தயாரித்து, ஒரு ஜெர்சியில் அடித்து, வாசலில் தொங்கவிட்டாயிற்று.

மூன்று பேரும் ஒரே குடையில் ரோட்டைக் கடந்தோம். திரும்பிப் பார்ப்பதற்குள், ஸ்டாண்டில் நின்ற பஸ்ஸின் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே கத்தினார்.

"என்னா முதலாளி, கடைக்குள்ள பேய் பூந்துருச்சா? வாசல்ல கட்டித் தொங்க விட்டிருக்கீங்க!"

பார்த்தேன். கொழுந்துக்காரியின் முடி முழுக்க வெள்ளை வெளேர். முகம் ஜெர்சியின் நிறத்தில் இருட்டுக் குழியாக இருந்தது. கறுப்பாக இருந்த கண்மணிகள் இரண்டும் வெள்ளையாக எரிந்தன. அந்த லேசான சிரிப்பு இருக்கிறதே, அது இருட்டுக்குள்ளிருந்து நம்மைக் கூப்பிடும் சிரிப்பாகிவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தினார்.

செல்வராணி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இதப் போட்டுக்கிட்டு இறங்குனா முதல் பந்து போட முன்னமே சிரிச்சிருவாங்க அக்கா. அதோட எல்லாம் முடிஞ்சிரும்" என்றாள். கண் கலங்கியிருந்தது. பிறகு அந்த ஜெர்சியை மறுபடியும் பார்த்தாள். உதடு துடித்தது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். பொங்கிக்கொண்டு வந்தது சிரிப்பு. அழுகையும் சிரிப்புமாக அவள் குடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்க, எனக்கும் தொற்றிக்கொண்டது. முதலாளி மட்டும் நனைந்துகொண்டு நின்றார். குடை எங்கள் பக்கம் சாய்ந்துவிட்டிருந்தது.

கடைக்குள் வந்ததும் சிரிப்பு அடங்கிப் பயம் ஏறியது. முதலாளி வழி சொன்னார்: "பொம்பளையத் தூக்கிருவோம். பேரையும் கொழுந்தையும் மட்டும் அடிப்போம்."

"முடியாதுங்க" என்றாள் செல்வராணி. "கொழுந்து பறிக்கிறவங்க நாங்க. எங்க ஜெர்சில அந்தப் பொம்பளை இல்லாம, ஆம்பளைங்க ஜெர்சில மட்டும் இருந்தா நல்லாவா இருக்கும்?"

இன்னொரு வழி, வெள்ளைச் சதுரம் ஒன்றை அடித்து, அதற்குமேல் கறுப்பிலேயே லோகோவை அடிப்பது. பத்திரமான வழிதான். ஆனால் நெஞ்சில் அவ்வளவு மை ஏறினால் பலகை கட்டியதுபோல் விறைக்கும். அந்த ஈரக் காற்றில் பஸ் நேரத்துக்குள் காயவும் காயாது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. படத்தையே திருத்தி வரைவது.

அதைச் சொன்னதும் முதலாளி பதறிவிட்டார். "அடுத்தவன் லோகோவுல நம்ம கை வைக்கலாமா? ஒரு முடி கூட மாறக்கூடாதுன்னு தலைவர் சொல்லியிருக்காரு!"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அடுத்தவர் அடையாளத்தை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்பது நம் தொழிலில் முதல் பாடம், நானும் உங்களுக்கு அதையேதான் சொல்வேன். மாற்றினால் தலைவர் கோபித்துப் பெண்களை இறங்க விடமாட்டார். மாற்றாவிட்டால் ஊர் சிரித்து அணியையே முடித்துவிடும். கடிகாரத்தைப் பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கடதாசியை எடுத்து வைத்துக்கொண்டேன். மாறக்கூடாது என்று தலைவர் சொன்னது எதை? மையையா, அந்தப் பெண்ணையா?

"செல்வராணி, இந்தக் கடதாசில அவ முடி என்னா நிறம்?"

"கறுப்பு."

"ஜெர்சில?"

"வெள்ளை." அவள் முகம் மாறியது. "ஐயோ, ஆமா அக்கா! முடிய மாத்துனது நம்மதான்!"

"அப்ப தலைவர் சொன்னபடி அத மறுபடி கறுப்பாக்கணுமா இல்லையா?"

முதலாளி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "தலைவர் கேட்டா இதத்தான் சொல்லுவியா?" என்றார். சொல்வேன் என்றேன். "சரி உட்காரு" என்று நாற்காலியைத் தந்தார். அந்த நாற்காலி அன்றுதான் முழுசாக எனக்குக் கிடைத்தது.

கடதாசியில் முகத்தை யாரும் வரையவில்லை. கடதாசியின் வெள்ளையே முகம். ஜெர்சியில் அந்த வேலையை மை செய்ய வேண்டும், கறுப்பு மை செய்த வேலையைத் துணி செய்ய வேண்டும். முகத்துக்கு வெள்ளை நிரப்பி, கண்ணையும் பொட்டையும் சிரிப்பையும் துணிக்கே விட்டேன். முகம் உயிர் பெற்றுவிட்டது. ஆனால் முடி? அதையும் துணிக்கே விட்டதில் கரும்பச்சையில் கரும்பச்சை கரைந்து போய், முகம் மட்டும் அந்தரத்தில் தொங்கியது.

முதலாளி எட்டிப் பார்த்தார். "இப்ப மொட்டப் பேய் புள்ள."

கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பியபோது, செல்வராணி வாசலில் நின்று பஸ் ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மழை விட்டு ஒரு வெளிச்சம் வந்திருந்தது. அவள் தலை இருட்டாகத்தான் தெரிந்தது. ஆனால் முடியின் விளிம்பில் மட்டும் மெல்லிசாக ஒரு ஒளிக்கோடு ஓடியது.

"அசையாத!" என்று கத்தினேன்.

"என்னாக்கா, பாம்பா?" என்று அவள் அப்படியே விறைத்து நின்றாள்.

அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்து முடியைச் சுற்றி ஒரு மெல்லிய வெள்ளை விளிம்பு வரைந்தேன். வகிட்டிலும் ஒன்று. தலை வந்துவிட்டது. கூடைக்கயிற்றை வெள்ளையாகவே விட்டேன். இலையும் மொட்டும் வெறும் உருவங்கள், அவற்றுக்கு நிறத்தை மாற்றினாலே போதும். எழுத்துகள் மட்டும் இருட்டில் வெள்ளையாகும்போது ஊதிப் பெருத்துத் தெரிந்தன, அவற்றைக் கொஞ்சம் மெலிய வைத்தேன். இடையில் மின்சாரம் ஒருதரம் கண்ணைச் சிமிட்டியது. மூன்று பேரும் ஒரே குரலில் "முருகா" என்றோம். கரண்ட் போகவில்லை.

இரண்டாவது ஜெர்சி வாசலில் தொங்கியது. ரோட்டைக் கடந்தோம். நான் திரும்பிப் பார்க்கவே பயந்தேன். அதே கண்டக்டர் அடுத்த ஓட்டத்துக்கு வந்து நின்றிருந்தார். அவர் ஜெர்சியைப் பார்த்தார், பிறகு செல்வராணியைப் பார்த்தார்.

"தங்கச்சி, அது நீயா? நல்லா சிரிக்கிறியே!"

செல்வராணிக்கு வந்த வெட்கத்தைப் பார்க்க வேண்டுமே. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கடைக்குள் ஓடினாள். லொறி வருகிறதா என்று கூடப் பார்க்கவில்லை. எனக்கு ரோட்டோரத்திலேயே ஆட வேண்டும்போல் இருந்தது.

அதற்குப் பிறகு அச்சடித்த வேகத்தை நான் சொல்ல மாட்டேன், முதலாளி எறிந்த ஏச்சுகளையும் எழுத முடியாது. நான் ஸ்கிரீனைப் பிடிக்க, அவர் மையை இழுக்க, செல்வராணி ஜெர்சியை எடுத்து விசிறினாள். பஸ் ஹோர்ன் அடித்தபோதும் கடைசிச் சில ஜெர்சிகளில் மை ஈரம் போகவில்லை. மடித்தால் ஒட்டும். பைக்குள் போட முடியாது. அவள் இரண்டு கையிலும் ஜெர்சிகளை ஏந்திக்கொண்டு பஸ் படியில் நின்றாள்.

அதே கண்டக்டர் பஸ்ஸுக்குள் திரும்பி ஒரு குரல் கொடுத்தார். "எல்லாரும் கேளுங்க! ஆளுக்கு ஒண்ணு மடியில வச்சுக்கங்க. மடிக்கக் கூடாது, தொடக் கூடாது, தூங்கி விழக் கூடாது. பூண்டுலோயா புள்ளைங்க ஜெர்சி!"

முன்சீட்டுகளில் இருந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். மரக்கறி மூட்டையோடு இருந்த ஒரு பெரியவர், சாரிக் கட்டோடு இருந்த ஒரு டீச்சரம்மா, புதுசாகக் கல்யாணமாகிப் புருஷனோடு போய்க்கொண்டிருந்த ஒரு பெண் என்று ஆளாளுக்கு மடியில் ஒரு கொழுந்துக்காரி. நேரம் தவறிப் புறப்பட்ட அந்த பஸ் வளைவில் திரும்பும்வரை நாங்கள் கையை ஆட்டிக்கொண்டே நின்றோம். முதலாளி, "நாளைக்குக் கடைய மூடு புள்ள, மேட்சுக்குப் போறோம்" என்றார்.

போனோம். மைதானத்தைச் சுற்றிச் சனம். பெண்கள் அணி வரிசையாக வந்து நின்றது. யாராவது சிரிக்கிறார்களா என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. "நல்லாருக்கே!" என்று ஒரு குரல் கேட்டது. பிறகு கைதட்டல். தலைவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு லோகோவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கைதட்டுகிறவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்து ஆண்கள் அணி வந்தது. கண்டியிலிருந்து வந்த ஜெர்சிகளைக் காலையில்தான் பொதி பிரித்திருக்கிறார்கள். மேலே போட்டிருந்த குளிருடுப்புகளைக் கழற்றினார்கள்.

பேய்!

வரிசையாக, நெஞ்சுக்கு ஒன்றாக, வெள்ளை முடியும் எரிகிற கண்ணுமாக அத்தனை பேய்கள். மைதானம் ஒரு நொடி மூச்சு விடவில்லை. பிறகு யாரோ ஒருவர், "பேய் டீம் டோய்!" என்று கத்த, அவ்வளவுதான். சிரிப்பு மலையில் மோதித் திரும்பி வந்தது. சனம் தரையில் உட்கார்ந்து சிரித்தது. ஆண்கள் குனிந்து தங்கள் நெஞ்சைப் பார்த்தார்கள், பக்கத்தில் இருந்தவன் நெஞ்சைப் பார்த்தார்கள், பிறகு அவர்களுக்கே தாங்க முடியவில்லை. எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தது யார் தெரியுமா? எங்கள் முதலாளி. முதல் நாள் அச்சு அசலாக அதே பேயைப் பெற்றெடுத்த மனுஷன்!

நான் சிரித்து ஓய்ந்தபோது, கண்டியில் அந்த வேலையைச் செய்த முகம் தெரியாத ஆளை நினைத்துப் பாவமாக இருந்தது. அவர் சோம்பேறியில்லை. சொன்னதை அப்படியே செய்தவர், ஒரு முடி கூட மாற்றாதவர். ஒன்றை வாசலில் தொங்கவிட்டு ரோட்டைக் கடக்க அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். தம்பி தங்கைகளே, உங்கள் திரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், எழும்பிப் போய்த் தூர நின்று பாருங்கள். கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வாடிக்கையாளர் "மாற்றாதே" என்று சொன்னால், எதை என்று உங்களுக்குள் ஒருதரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெண்கள் முதல் ஆட்டத்தில் வென்றார்கள், அடுத்ததில் தோற்றார்கள். தோற்றபோதும் சனம் கைதட்டியது.

வருடப் பிறப்பெல்லாம் முடிந்து கடை திறந்த ஒருநாள் தலைவர் வந்தார். கையில் புது ஜெர்சிகள். வழி காட்ட என்று செல்வராணியையும் கூட்டி வந்திருந்தார். தொண்டையைச் செருமினார்.

"ஆம்பளைங்களுக்கு மறுபடி அடிக்கணும். இந்தப் புள்ளைங்களுக்கு அடிச்சீங்களே, அதே மாதிரி."

"ஒரு முடி கூட மாறாம அடிச்சுத் தர்றோங்க" என்றார் முதலாளி. நான் திரும்பிக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டேன்.

ஒன்றை அடித்து வாசலில் தொங்கவிட்டோம். எல்லாரும் ரோட்டைக் கடந்தோம். தலைவர் முன்னால் போய் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "சரியா இருக்கு, அடிங்க" என்றார். முதலாளி கடைப்பக்கம் ஒரு அடி வைத்தார்.

"இருங்க முதலாளி" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. செல்வராணி. "நான் இன்னும் பாக்கல. தலைவரே, கொஞ்சம் நகருங்க. மறைக்குது."

தலைவர் திரும்பிப் பார்த்தார். முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு பஸ் எங்களைக் கடந்து போயிற்று. பிறகு தலைவர் வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கடைவாசல்வரை நகர்ந்து நின்றார்.

அவள் நிதானமாகப் பார்த்தாள்.

"ம். இப்ப அடிங்க."